விண்டோஸ் 11க்கு மாறிய பின் காணாமல் போன ஷார்ட்கட்கள்: தேடி மீட்பதற்கான முழுமையான வழிகாட்டி

விண்டோஸ் 10இலிருந்து விண்டோஸ் 11க்கு மாறிய மறுநாள் காலை, கணினியின் முன் அமருபவரின் கை பழக்கத்தால் திரையின் இடது கீழ் மூலைக்குத்தான் போகும். விண்டோஸ் 95 காலம் தொட்டு, விண்டோஸ் 8 வந்த ஓரிரு ஆண்டுகள் நீங்கலாக, ஸ்டார்ட் பொத்தான் குடியிருந்த அந்த மூலையில் இப்போது வெப்பநிலையும் ஒரு மேகப் படமும் இருக்கின்றன. கை அங்கே போனதும் வானிலையும் செய்திகளும் அடங்கிய பலகை ஒன்று விரிந்து, செய்ய வந்த வேலையை மறைத்துக்கொண்டு நிற்கிறது.

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. அதனால், 2021 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11ஐ நான்கு ஆண்டுகள் தள்ளிப்போட்டு வந்தவர்களும் மாற வேண்டியதாயிற்று. அவர்களில் பெரும்பாலோரின் முதல் புலம்பல் வேகத்தைப் பற்றியோ தோற்றத்தைப் பற்றியோ இருப்பதில்லை. "வைத்த பொருள் வைத்த இடத்தில் இல்லை" என்பதாகவே இருக்கிறது. அந்தப் புலம்பலுக்குப் படிப்படியான தீர்வு சொல்வதே இக்கட்டுரையின் வேலை.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஷார்ட்கட் என்று நாம் சொல்வது இரண்டு வேறு பொருள்களை. ஒன்று, ஒரு நிரலையோ கோப்புறையையோ திறக்கும் படக்குறி. இதைக் குறுக்குவழி என்று அழைப்போம். மற்றொன்று, இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்துவது, இது குறுக்குவிசை. குறுக்குவிசைகளில் மிகப் பெரும்பாலானவை மாற்றத்தைத் தாண்டிப் பிழைத்துவிட்டன. அடிபட்டவை பெரும்பாலும் குறுக்குவழிகளே. அடிபட்டவற்றிலும் சில இடம் மட்டும் மாறியிருக்கின்றன, சில மறைத்து வைக்கப்பட்டிருக்கின்றன, சில அடியோடு நீக்கப்பட்டிருக்கின்றன. உங்களுடையது இம்மூன்றில் எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் தேட ஆரம்பித்தால், நீக்கப்பட்ட ஒன்றைத் தேடியே ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

இன்னும் மாறவில்லை என்றால்

மாறுவதற்கு முன் கால் மணி நேரம் செலவிடுங்கள். ஸ்டார்ட் மெனுவைத் திறந்து வைத்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். டாஸ்க்பாரையும் டெஸ்க்டாப்பையும் அவ்வாறே எடுங்கள். ஸ்டார்ட் மெனுவில் நீங்கள் குத்தி வைத்த நிரல்களும் தளங்களும் புதிய பதிப்புக்கு வந்து சேராது என்று மைக்ரோசாஃப்ட்டே அறிவித்திருப்பதால், அந்தப் படம் ஒன்றுதான் பின்னர் உங்களுக்கு வரைபடமாக உதவும். எடுத்த படங்களைப் பென்டிரைவிலோ கைப்பேசியிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, டாஸ்க்பாரில் குறுக்குவழிகளை வரிசையாக வைத்துக்கொள்ளும் குயிக் லாஞ்ச் பட்டையைப் பயன்படுத்தி வந்தவர்கள் அதன் கோப்புறையைப் படியெடுத்துக்கொள்ள வேண்டும். சி டிரைவில் யூசர்ஸ், அதற்குள் உங்கள் பெயர், அதற்குள் ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், அதற்குள் குயிக் லாஞ்ச் என்ற வரிசையில் சென்றால் அது கிடைக்கும். ஆப்டேட்டா இயல்பாக மறைந்திருக்கும் கோப்புறை. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ பகுதியில் மறைந்த உருப்படிகளைக் காட்டும்படி குறியிட்டால் தென்படும்.

மாறி பத்து நாள் ஆகவில்லை என்றால்

மேம்படுத்திய பின் பழைய விண்டோஸ், சி டிரைவில் விண்டோஸ்.ஓல்டு என்ற கோப்புறையாகப் பத்து நாள்கள் இருக்கும். பிறகு தானாக அழிந்துவிடும். அதற்குள் செட்டிங்ஸில் சிஸ்டம், ரிகவரி, கோ பேக் என்று சென்றால் விண்டோஸ் 10க்குத் திரும்பிவிடலாம். உங்கள் சொந்தக் கோப்புகள் அப்படியே இருக்கும். மாறிய பிறகு நிறுவிய நிரல்களும் செய்த மாற்றங்களும் போய்விடும்.

ஆனால் ஒரு டாஸ்க்பாருக்காகத் திரும்பிப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விண்டோஸ் 10இல் தங்குவோருக்கு, தனியே பதிவு செய்துகொண்டால் கிடைக்கும் பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை மட்டுமே. அலுவலகத்தின் முக்கிய மென்பொருளோ அச்சுப்பொறியோ புதிய பதிப்பில் இயங்க மறுத்தால் அது வேறு கதை. அப்போது திரும்புவதில் தவறில்லை.

முதலில் பதிப்பு எண்ணைப் பாருங்கள்

விண்டோஸ் 11 என்பது ஒரே பொருள் அன்று. 2021இல் வந்தபோது அதில் இல்லாத பல வசதிகள் பயனர்களின் கூக்குரலுக்குப் பின் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஆகவே ஒரு நண்பர் "அது இனிமேல் கிடையாது" என்று சொல்லியிருந்தால், அவர் எந்த ஆண்டில் அதைச் சொன்னார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியின் அடியில் உள்ள அபவுட் பக்கத்தில் 22எச்2, 23எச்2, 24எச்2 என்பதுபோல் ஒரு பதிப்பு எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டைக் குறிப்பவை. உங்களுடையது 23எச்2க்கு முந்தியதாக இருந்தால், வேறெதையும் தொடாமல் முதலில் விண்டோஸ் அப்டேட்டை ஓட்டுங்கள். காணாமல் போனவற்றில் சில அப்போதே திரும்பிவிடும்.

டாஸ்க்பார்

இழப்புகள் மிகுதியாக நேர்ந்த இடம் இதுதான் என்பதால் இங்கே நின்று நிதானமாகப் பார்ப்போம்.

முதல் வேலையாக ஸ்டார்ட் பொத்தானை அதன் பழைய மூலைக்குக் கொண்டுவாருங்கள். டாஸ்க்பாரின் வெற்றிடத்தில் வலது கிளிக் செய்து டாஸ்க்பார் செட்டிங்ஸைத் திறந்து, டாஸ்க்பார் பிஹேவியர்ஸ் என்ற பகுதியை விரித்தால், அலைன்மென்ட் என்ற வரியில் நடு என்றும் இடது என்றும் இரண்டு வாய்ப்புகள் இருக்கும். இடதைத் தேர்ந்தெடுங்கள். அதே பக்கத்தின் மேற்பகுதியில் விட்ஜெட்ஸ் என்ற சுவிட்ச் உள்ளது. அதை அணைத்தால் மேகப் படமும் செய்திப் பலகையும் போய்விடும். இந்த இரண்டே மாற்றங்களில் பாதிக் கோபம் தணிந்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, பெயர்ப் பட்டைகள். விண்டோஸ் 10இல் ஒவ்வொரு ஜன்னலையும் தனித்தனியே, பெயருடன் காட்டும்படி வைத்திருந்தவர்களுக்கு, எல்லாம் ஒரே படக்குறிக்குள் அடைபட்டது பெருந்தொல்லை. நான்கு எக்செல் கோப்புகளை ஒரே நேரத்தில் திறந்து வைத்துக் கணக்குப் பார்ப்பவருக்கு, ஒவ்வொரு முறையும் படக்குறியின் மேல் சுட்டியை நிறுத்தி, நான்கு சிறுபடங்களில் எது எது என்று உற்றுப் பார்ப்பது எவ்வளவு எரிச்சல் என்பது அனுபவித்தவருக்கே தெரியும். இந்த வசதி 2023இல் திரும்பி வந்தது. அதே டாஸ்க்பார் பிஹேவியர்ஸ் பகுதியின் கீழ்ப்பகுதியில், பொத்தான்களை இணைத்துப் பெயர்களை மறைப்பது பற்றிய வரி இருக்கிறது; அதில் நெவர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு திரை வைத்திருப்பவர்களுக்கு, இரண்டாவது திரையின் டாஸ்க்பாருக்கென்று இன்னொரு வரி அதனருகிலேயே தனியாக உண்டு.

மூன்றாவது, கோப்பை இழுத்து வந்து டாஸ்க்பார் படக்குறியின் மேல் நிறுத்தி, அந்த ஜன்னல் திறந்ததும் உள்ளே விடும் பழக்கம். இதுவும் முதல் வெளியீட்டில் இல்லை. 2022இன் 22எச்2 பதிப்பில் திரும்பியது. டாஸ்க்பாரில் வலது கிளிக் செய்து டாஸ்க் மேனேஜரைத் திறப்பதும் இப்படித்தான் போய், பிறகு வந்தது. அது இல்லாத பதிப்பானாலும் கவலையில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் எந்தப் பதிப்பிலும் நேரே திறக்கும்.

நான்காவது, வலது ஓரத்தில் கடிகாரத்துக்கு அருகிலுள்ள சிறு படக்குறிகள். மேம்படுத்தும்போது இவற்றை நீங்கள் ஒழுங்குபடுத்தியிருந்த முறை கலைந்து, சில மேல்நோக்கிய அம்புக்குறிக்குப் பின்னால் போய்விடுவது உண்டு. டாஸ்க்பார் செட்டிங்ஸில் அதர் சிஸ்டம் டிரே ஐகான்ஸ் என்ற பகுதியை விரித்து, உங்களுக்கு வேண்டியவற்றின் சுவிட்சை இயக்குங்கள். அந்த மூலையில் வைஃபை, ஒலி, பேட்டரி மூன்றும் இப்போது ஒரே பொத்தான். எதை அழுத்தினாலும் ஒரே பலகைதான் திறக்கும். வைஃபை பட்டியலைக் காண அதில் வைஃபை படத்துக்கு அருகிலுள்ள அம்புக்குறியை மீண்டும் ஒருமுறை அழுத்த வேண்டும். ஒரு கிளிக் இரண்டு கிளிக் ஆயிற்று. அதற்கு அமைப்புகளில் மாற்று ஏதும் இல்லை.

கடிகாரத்துக்கும் வலப்புறம், திரையின் கடைசி நூலிழை இடத்தை அழுத்தினால் டெஸ்க்டாப் தெரியும் வசதி உங்களுக்கு வேலை செய்யவில்லையென்றால், அதையும் டாஸ்க்பார் பிஹேவியர்ஸ் பகுதியில் குறியிட்டு மீட்கலாம்.

இனி, போனது போனதுதான் என்ற வகை. விண்டோஸ் 10இல் டாஸ்க்பாரைத் திரையின் மேலேயோ பக்கவாட்டிலோ நகர்த்த முடிந்தது. விண்டோஸ் 11 வெளியானபோது அடிப்பகுதி மட்டுமே அனுமதிக்கப்பட்டது. உங்கள் பதிப்பின் டாஸ்க்பார் பிஹேவியர்ஸ் பகுதியில் இடத்தை மாற்றும் வரி எதுவும் இல்லையென்றால், அதை வேறெங்கும் தேட வேண்டாம்.

டூல்பார்கள் எனப்பட்ட துணைப் பட்டைகளும் இதே வகைதான். அவற்றுள் மூத்தது குயிக் லாஞ்ச். 1997இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 உடன் வந்து, விண்டோஸ் 98இல் நிலைபெற்று, 2009இல் விண்டோஸ் 7 வந்தபோது இயல்பிருப்பிலிருந்து விலக்கப்பட்டது. அப்போதும் புதிய டூல்பார் என்ற வாய்ப்பின் வழியே அதே கோப்புறையைக் காட்டி, அதை விடாப்பிடியாகத் திரும்பக் கொண்டுவந்து வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். விண்டோஸ் 11 அந்த வாய்ப்பையே எடுத்துவிட்டதால் இருபது ஆண்டுக்கும் மேலான பழக்கம் ஒன்று அறுந்தது.

நல்ல வேளையாக, பட்டைதான் போயிற்று, கோப்புறை போகவில்லை. மேலே சொன்ன வழியில் சென்றால் உங்கள் குறுக்குவழிகள் அதனுள் அப்படியே இருப்பதைக் காணலாம். அவற்றைப் பயன்படுத்தக் கீழ்க்கண்டவாறு செய்யலாம்.

1. அந்தக் குறுக்குவழிகளை ஆவணங்கள் பகுதியில் புதிதாக ஒரு கோப்புறை உருவாக்கி அதில் படியெடுத்து வையுங்கள். எளிய பெயர் ஒன்று கொடுங்கள்.

2. அந்தக் கோப்புறைக்கு டெஸ்க்டாப்பில் ஒரு குறுக்குவழி உருவாக்குங்கள். குறுக்குவழியில் வலது கிளிக் செய்து புராப்பர்ட்டீஸ் திறந்து, டார்கெட் என்ற பெட்டியில் உள்ள முகவரிக்கு முன்னால் எக்ஸ்ப்ளோரர் என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஓகே கொடுங்கள்.

3. கோப்புறையை நேராக டாஸ்க்பாரில் குத்த விண்டோஸ் அனுமதிப்பதில்லை. ஆனால் இப்போது இது ஒரு நிரலைத் திறக்கும் குறுக்குவழியாக மாறிவிட்டதால் அனுமதிக்கும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு வலது கிளிக் செய்து, பின் டு டாஸ்க்பார் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

பழைய பட்டையைப் போல மேல்நோக்கி விரியும் பட்டியலாக இது இருக்காது. ஒரு ஜன்னலாகத் திறக்கும். அதுவும் வேண்டாம் என்பவர்கள், அந்தக் கோப்புறையில் வலது கிளிக் செய்து குயிக் ஆக்சஸில் சேர்த்துவிட்டால், டாஸ்க்பாரிலுள்ள ஃபைல் எக்ஸ்ப்ளோரர் படக்குறியின் மேல் வலது கிளிக் செய்யும்போது வரும் பட்டியலில் அது இடம்பெறும். எனக்கு இந்த இரண்டாவது வழியே பிடித்திருக்கிறது. தந்திரம் எதுவும் தேவையில்லாததால் அடுத்த புதுப்பிப்பில் உடையவும் வாய்ப்புக் குறைவு.

ஸ்டார்ட் மெனு

டைல்ஸ் எனப்பட்ட சதுர ஓடுகள் போய்விட்டன. பெயரிட்ட குழுக்களும் போய்விட்டன. புதிய மெனுவில் நிறுவனம் தானே குத்தி வைத்த படக்குறிகள்தான் முதலில் இருக்கும். அவற்றில் வேண்டாதவற்றை வலது கிளிக் செய்து அன்-பின் (Unpin) கொடுங்கள். பிறகு எல்லா நிரல்களின் பட்டியலிலிருந்து உங்களுடையவற்றைப் பின் டு ஸ்டார்ட் என்று சேருங்கள். முன்பே எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட் இங்கேதான் கைகொடுக்கும்.

22எச்2 முதல், ஒரு படக்குறியை இன்னொன்றின் மேல் இழுத்து விட்டால், கைப்பேசியில் நடப்பதுபோல் இரண்டும் ஒரு சிறு தொகுப்பாகிவிடும். அதற்குப் பெயரும் இடலாம். இழந்த குழுக்களுக்கு இது ஓரளவு ஈடு. மேலும், செட்டிங்ஸில் பெர்சனலைசேஷன், ஸ்டார்ட், ஃபோல்டர்ஸ் என்று சென்றால், ஆவணங்கள், பதிவிறக்கங்கள், செட்டிங்ஸ் போன்றவற்றின் படக்குறிகளை, கணினியை அணைக்கும் பொத்தானுக்கு அருகில் வரிசையாக வைத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. இது இயல்பில் அணைக்கப்பட்டிருப்பதால் பலருக்குத் தெரிவதில்லை.

டெஸ்க்டாப்பில் இருந்த படக்குறிகள்

டெஸ்க்டாப் முழுவதும் வெறுமையாகத் தெரிந்தால் பதறாமல், வெற்றிடத்தில் வலது கிளிக் செய்து, வியூ என்பதில் ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ் குறியிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். திஸ் பிசி மட்டும் இல்லையென்றால், பெர்சனலைசேஷனில் தீம்ஸ், அதற்குள் டெஸ்க்டாப் ஐகான் செட்டிங்ஸ் என்ற இடத்தில் அதைக் குறியிட்டு வரவழைக்கலாம்.

சில படக்குறிகள் இருக்கின்றன, சில இல்லை, அல்லது ஒரே குறுக்குவழி இரண்டாக நிற்கிறது என்றால், பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவ்தான் காரணம். புதிய பதிப்பை அமைக்கும்போது வரும் கேள்விகளுக்கு அவசரத்தில் சரி சரி என்று அழுத்திக்கொண்டே போனால், டெஸ்க்டாப் கோப்புறையே ஒன்டிரைவுக்குள் இடம் மாறிவிடக்கூடும். அதாவது நீங்கள் காணும் டெஸ்க்டாப் வேறு, உங்கள் பழைய டெஸ்க்டாப் வேறு. யூசர்ஸ் கோப்புறையில் உங்கள் பெயருக்குள் சென்று, அங்கே நேராக உள்ள டெஸ்க்டாப்பையும் ஒன்டிரைவுக்குள் உள்ள டெஸ்க்டாப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த ஏற்பாடு வேண்டாம் என்றால், ஒன்டிரைவ் படக்குறியிலிருந்து அதன் செட்டிங்ஸைத் திறந்து, மேனேஜ் பேக்கப் என்ற இடத்தில் டெஸ்க்டாப்புக்கான சுவிட்சை அணைக்க வேண்டும். அணைத்ததும் எல்லாம் மறைந்தது போலத் தோன்றினால், கோப்புகள் ஒன்டிரைவ் கோப்புறையிலேயே தங்கியிருக்கின்றன என்று பொருள். அங்கிருந்து அவற்றை வெட்டி டெஸ்க்டாப்பில் ஒட்டுங்கள். ஒட்டி முடித்து, எண்ணிச் சரிபார்க்கும் வரை எதையும் அழிக்க வேண்டாம்.

படக்குறி வெள்ளைத் தாளாக மாறி, அழுத்தினால் கோப்பு இல்லை என்று சொன்னால், அது சுட்டிய நிரல் இப்போது அந்த இடத்தில் இல்லை என்பதே பொருள். குறுக்குவழியைப் பழுது பார்ப்பதில் பயனில்லை. நிரலை மீண்டும் நிறுவுவதே வழி.

வலது கிளிக்கும் ஃபைல் எக்ஸ்ப்ளோரரும்

வலது கிளிக் பட்டியல் சுருங்கிவிட்டது. வெட்டு, படியெடு, ஒட்டு, பெயர் மாற்று, அழி ஆகியவை பட்டியலின் ஓரத்தில் சிறு படங்களாக நிற்கின்றன; 24எச்2க்கு முந்திய பதிப்புகளில் அவற்றுக்குப் பெயரும் இல்லை. கோப்புச் சுருக்கும் மென்பொருள் முதலியவை சேர்த்திருந்த பழைய வரிகள் ஷோ மோர் ஆப்ஷன்ஸ் என்பதற்குப் பின்னால் போய்விட்டன. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு வலது கிளிக் செய்தால் பழைய முழுப் பட்டியல் நேராகவே வரும். கோப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஷிஃப்டுடன் எஃப் 10 அழுத்தினாலும் அதுவே வரும். விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி சேர்த்துப் பழைய பட்டியலையே நிரந்தரமாக்கும் முறையும் உண்டு. ஆனால் ஷிஃப்ட் விசை இவ்வளவு அருகில் இருக்கும்போது, ரெஜிஸ்ட்ரியில் கைவைப்பது கொசுவுக்குக் கோடரி எடுப்பது போலத்தான்.

எக்ஸ்ப்ளோரரின் மேலிருந்த அகலமான ரிப்பன் பட்டை நீக்கப்பட்டு, ஒற்றை வரிப் பட்டை வந்திருக்கிறது. ரிப்பனோடு அதன் ஆல்ட் விசை வழித்தடங்களும் போய்விட்டன. ஆனால் ரிப்பனைச் சாராத குறுக்குவிசைகள் அப்படியே இருக்கின்றன: எஃப் 2 அழுத்தினால் பெயர் மாற்றலாம், ஆல்ட்டுடன் என்டர் அழுத்தினால் புராப்பர்ட்டீஸ், ஆல்ட்டுடன் மேல் அம்பு அழுத்தினால் ஒரு படி மேலுள்ள கோப்புறை, கன்ட்ரோல், ஷிஃப்ட், என் (N) மூன்றும் சேர்ந்தால் புதிய கோப்புறை.

எக்ஸ்ப்ளோரர் திறந்ததும் டிரைவ்களுக்குப் பதிலாக அண்மைக் கோப்புகள் வருவது பிடிக்கவில்லையென்றால், மேலே மூன்று புள்ளிகளை அழுத்தி ஆப்ஷன்ஸ் சென்று, எதைக் கொண்டு திறக்க வேண்டும் என்ற முதல் வரியில் திஸ் பிசியைத் தேர்ந்தெடுங்கள்.

பொருள் மாறிய குறுக்குவிசைகள்

விரல் பழகிய விசையை அழுத்தினால் வேறொன்று திறப்பது, ஒன்றுமே திறக்காததைவிடத் தொல்லை. அப்படி மாறியவை சிலவே. விண்டோஸ் விசையுடன் ஏ அழுத்தினால் முன்பு அறிவிப்புகளும் விரைவுப் பொத்தான்களும் ஒரே பலகையில் வந்தன. இப்போது ஏ விரைவுப் பொத்தான்களை மட்டும் காட்டுகிறது, அறிவிப்புகளும் நாட்காட்டியும் என் (N) எழுத்துக்குப் போய்விட்டன. டபிள்யூ எழுத்து முன்பு எழுதுகோல் பலகையைத் திறந்தது, இப்போது விட்ஜெட்ஸ். சி எழுத்து குரல் உதவியாளரான கோர்ட்டானாவிடம் இருந்தது. அதன் பிறகு வாடகை வீடு போலப் பதிப்புக்குப் பதிப்பு குடித்தனக்காரர் மாறிக்கொண்டே இருப்பதால் அதை நம்பிப் பழக வேண்டாம்.

பிரின்ட் ஸ்கிரீன் விசை முன்பு திரை முழுவதையும் சத்தமின்றிப் படியெடுத்துக்கொள்ளும். புதிய பதிப்புகளில் அது ஸ்னிப்பிங் டூலைத் திறந்து எந்தப் பகுதி வேண்டும் என்று கேட்கிறது. பழையபடி வேண்டுமென்றால், செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி, கீபோர்டு பக்கத்தில் அதற்கான சுவிட்சை அணையுங்கள். ஒரு ஜன்னலைப் பிடித்துக் குலுக்கினால் மற்றவை கீழே இறங்கும் வசதி இப்போது இயல்பில் அணைக்கப்பட்டுள்ளது. சிஸ்டம், மல்டிடாஸ்கிங் பக்கத்தில் டைட்டில் பார் விண்டோ ஷேக் என்பதை இயக்கினால் திரும்பிவிடும். ஆல்ட்டுடன் டேப் அழுத்தும்போது உலாவியின் பக்கங்களும் வரிசையில் புகுந்து நின்றால், அதை நிறுத்துவதும் அதே பக்கத்தில்தான்.

படக்குறிகளின் இடமாற்றத்தால் சலித்தவர்களுக்கு நான் கொடுக்கும் யோசனை, விண்டோஸ் விசையுடன் எண்களைப் பழகுவது. டாஸ்க்பாரில் இடமிருந்து முதலில் உள்ள நிரலுக்கு 1, அடுத்ததற்கு 2 என்று 9 வரை செல்லலாம், பத்தாவதற்கு 0. அடிக்கடி தேவைப்படும் ஐந்து நிரல்களை முதல் ஐந்து இடங்களில் இழுத்து வைத்துவிட்டால், டாஸ்க்பார் நடுவில் இருந்தாலும் ஓரத்தில் இருந்தாலும் கைக்குக் கவலையில்லை. விண்டோஸ் 7இலிருந்து இந்த ஏற்பாடு மாறவில்லை.

தனி நிரல் ஒன்றுக்கு உங்கள் சொந்தக் குறுக்குவிசை வேண்டுமென்றால், அதன் குறுக்குவழியின் புராப்பர்ட்டீஸில் ஷார்ட்கட் கீ என்ற பெட்டியில் ஓர் எழுத்தை அழுத்துங்கள். அது கன்ட்ரோல், ஆல்ட், அந்த எழுத்து என்ற சேர்க்கையாகப் பதிவாகும். முன்பு வேலை செய்த இத்தகைய விசை இப்போது செய்யவில்லை என்றால், அந்தக் குறுக்குவழி டெஸ்க்டாப்பிலோ ஸ்டார்ட் மெனுக் கோப்புறையிலோ இருக்கிறதா என்று பாருங்கள். வேறிடத்துக்கு நகர்த்தப்பட்டிருந்தால் விசை செயல்படாது. ஒரு சிறு எச்சரிக்கை: இந்திய ஆங்கில விசைப்பலகை வைத்திருப்பவர்கள் இதற்கு 4 என்ற எண்ணைக் கொடுக்க வேண்டாம். கன்ட்ரோல், ஆல்ட், 4 சேர்ந்தால்தான் அதில் ரூபாய்க் குறி வருகிறது.

தமிழ் தட்டச்சுக்கு மாறும் விசை

தமிழில் தட்டச்சு செய்பவருக்கு ஒரு நாளில் நூறு முறை தேவைப்படும் குறுக்குவிசை மொழி மாற்றும் விசைதான். விண்டோஸ் விசையுடன் இடைவெளி விசையை அழுத்தினால் இரண்டு பதிப்புகளிலும் அடுத்த விசைப்பலகைக்கு மாறும். நீங்கள் இடது ஆல்ட்டுடன் ஷிஃப்ட் அழுத்திப் பழகியவராக இருந்து, அது இப்போது செயல்படவில்லை என்றால், செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ், டைப்பிங், அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ் என்று சென்று, இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ் என்பதைத் திறக்க வேண்டும். பழைய பாணியிலான ஒரு சிறு பெட்டி வரும். அதில் சேஞ்ச் கீ சீக்வென்ஸ் அழுத்தி விருப்பமான சேர்க்கையைக் குறியுங்கள். ஒரு ஜன்னலில் தமிழும் மற்றொன்றில் ஆங்கிலமும் தனித்தனியே நிலைத்திருக்க வேண்டும் என்றால், ஒவ்வொரு ஜன்னலுக்கும் வேறு உள்ளீட்டு முறையை அனுமதிக்கும் குறிப்பெட்டி அதே பக்கத்தில் இருக்கிறது.

என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை போன்ற தனி மென்பொருள்களைப் பயன்படுத்துவோர் விசை வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன், அந்த மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் படக்குறி கடிகாரத்தருகே அம்புக்குறிக்குப் பின்னால் ஒளிந்திருக்கலாம்; அங்கும் இல்லையென்றால், டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பகுதியில் அது முடக்கப்பட்டிருக்கலாம். அங்கே எனேபிள் கொடுத்து, கணினியை ஒருமுறை அணைத்துத் திறங்கள்.

வெளி மென்பொருள்கள்

இவ்வளவுக்கும் பிறகு, பக்கவாட்டு டாஸ்க்பாரோ ஓடு வைத்த ஸ்டார்ட் மெனுவோ இல்லாமல் வேலை ஓடாது என்பவர்களுக்கு எக்ஸ்ப்ளோரர்பேச்சர், ஓப்பன்ஷெல் ஆகிய இலவச மென்பொருள்களும், ஸ்டார்ட்ஆல்பேக், ஸ்டார்ட்11 ஆகிய கட்டண மென்பொருள்களும் இருக்கின்றன. அலுவலகக் கணினியாக இருந்தால் நிர்வாகியிடம் கேட்காமல் இவற்றை நிறுவாதீர்கள். குறுக்குவிசைகளை மட்டும் மாற்றி அமைக்க, மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தரும் பவர்டாய்ஸில் உள்ள கீபோர்டு மேனேஜர் போதும். அது விண்டோஸின் உள்ளுறுப்புகளில் தலையிடுவதில்லை.

டாஸ்க்பாரையே மாற்றுபவை அப்படியல்ல. அவை எக்ஸ்ப்ளோரரின் உள்ளே புகுந்து வேலை செய்வதால், பெரிய புதுப்பிப்பு வரும்போது டாஸ்க்பார் திறக்காமல் போவதும், அந்த மென்பொருள் இருக்கும் வரை புதுப்பிப்பே தடைபடுவதும் நடந்திருக்கின்றன. 24எச்2 வந்த காலத்தில் பலர் இதை அனுபவித்தார்கள். ஆகவே ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்பை ஏற்குமுன் இவற்றை நீக்கிவிடுங்கள். பதிப்பு நிறுவப்பட்ட பின், அந்த மென்பொருளை உருவாக்கியவர் புதிய பதிப்புக்கான வெளியீட்டைத் தந்திருக்கிறாரா என்று பார்த்து, தந்திருந்தால் மட்டும் மீண்டும் நிறுவுங்கள். டாஸ்க்பார் இல்லாத வெறுந்திரையில் சிக்கிக்கொண்டால், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ரன் நியூ டாஸ்க் என்பதில் கன்ட்ரோல் என்று ஆங்கிலத்தில் தட்டினால் கன்ட்ரோல் பேனல் திறக்கும். அங்கிருந்து அந்த மென்பொருளை நீக்கிவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்யலாம்.